கடலடிக்குப் போகப் பை கட்டுகிறீர்களா? இதெல்லாம் தெரியுமா?

பொதட்டூர்பேட்டைக்குக் கடற்கரை கிடையாது. வீதிக்கு வீதி தறி உண்டு, முருகன் குடியிருக்கும் குன்று உண்டு, பக்கத்திலேயே ஆந்திர எல்லை உண்டு. கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போக வேண்டும். ஆனாலும் பள்ளிப்பட்டுப் பக்கமாக ஓடும் கொசஸ்தலை ஆறு எங்கே போய்ச் சேர்கிறது தெரியுமா? எண்ணூரில், நேரே வங்கக் கடலில்! நம் பக்கத்து மழைத்தண்ணீருக்குக் கடல் வழி எப்போதோ தெரிந்துவிட்டது. நமக்குத்தான் இன்னும் பை கட்டத் தெரியவில்லை.

கட்டிவிடலாம், வாருங்கள். பொதட்டூர்பேட்டையில் பஸ் ஏறி, திருத்தணியில் ரயில் பிடித்து, சென்னையில் விமானம் ஏறினால் வங்கக் கடலின் மறுபக்கம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரம்தான். இறங்கும் ஊர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரிலிருந்து அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து கப்பலில் இரண்டு மணி நேரம் போனால் ஹேவ்லாக் தீவு. 2018 டிசம்பரில் அது ஸ்வராஜ் தீவு ஆனது. இந்தியாவில் ஸ்கூபா டைவிங் என்றதும் முதலில் சொல்லப்படும் பெயர் அதுதான். அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டத்தின் தென்பாதி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஏறிவிட்டது தெரியுமா? ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி சொல்லும் மாநக்கவாரம்தான் இன்றைய நிக்கோபார்! இன்று சென்னையிலிருந்து அதே கடலின் அடியில் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இணையக் கண்ணாடி இழை கிடக்கிறது. 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அந்த இழையின் ஒரு கிளை ஸ்வராஜ் தீவிலும் ஏறுகிறது.

போகும் மாதத்தை மட்டும் கவனியுங்கள். திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக் காவடிகள் ஏறும் நேரத்தில் அந்தமானில் தென்மேற்குப் பருவமழை அடித்துக்கொண்டிருக்கும். கடல் கலங்கிக் கிடக்கும். தை, மாசி, பங்குனியில் கண்ணாடித் தண்ணீர்.

இப்போது பை. தலை முங்கியதும் கடல் நம்மிடமிருந்து ஐந்தை வாங்கிக்கொள்கிறது: மூச்சு, பார்வை, நிறம், உடம்புச் சூடு, குரல். டைவிங் பையில் போகிற ஒவ்வொரு சாமானும் இந்த ஐந்தில் ஒன்றை மீட்கத்தான் போகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் காட்டும் எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. இன்னொன்றும் தெரியவரும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் இரண்டாயிரம் ஆண்டாகக் கட்டிய சாமானும் இதே ஐந்தில் சிலவற்றுக்காகத்தான்!

மூச்சிலிருந்து தொடங்குவோம். டைவர் முதுகில் சுமக்கும் சிலிண்டரில் ஆக்சிஜன் இருக்கிறது என்றுதானே நினைக்கிறோம்? இல்லவே இல்லை. பொதட்டூர்பேட்டை பஸ் நிலையத்தில் நாம் இழுக்கும் அதே காற்றைத்தான் வடிகட்டி, ஈரம் போக்கி, அழுத்தி அடைக்கிறார்கள். சுத்த ஆக்சிஜனை அடைத்துக்கொண்டு இறங்கினால் ஏறத்தாழ 6 மீட்டருக்குக் கீழே அதுவே நஞ்சாகி வலிப்பு வரலாம். உயிர் காக்கும் ஆக்சிஜன் ஆழத்தில் உயிரையே எடுக்கும்! 12 லிட்டர் கொள்ளும் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் 2,400 லிட்டர் காற்று அடங்குகிறது. அந்தக் காற்றின் எடை மட்டும் எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட 3 கிலோ! அதனால்தான் டைவ் முடியும்போது சிலிண்டர் லேசாகி ஆளை மேலே தூக்கப் பார்க்கும்.

கணக்கு இன்னும் வியப்பானது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு இழுப்பவர் 10 மீட்டரில் 40 லிட்டர் காற்றைச் செலவழிப்பார், 30 மீட்டரில் 80 லிட்டர். தரையில் இரண்டு மணி நேரம் வரும் சிலிண்டர் 30 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சுவாசிக்கும் ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் கேட்டபோது மட்டும் காற்றை விடும் கருவியை ஜாக் கூஸ்தோ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் எமில் கான்யான் என்ற பொறியாளரும் உருவாக்கியது 1943இல், உலகப் போரின் நடுவில். அதற்கு முன் மனிதன் மீனைப்போல் சுதந்திரமாக அடியில் நீந்தியது பெரும்பாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் வரைதான்.

சிலிண்டரை ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டாம். காற்று அடைத்த சிலிண்டரை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அடியில் இறங்க இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகளும் வேண்டாம். ஸ்வராஜ் தீவின் டைவ் கடைகளில் எல்லாம் வாடகைக்கு உண்டு. உள்நாட்டு விமானத்தில் சரக்குப் பைக்குப் பெரும்பாலும் 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. சட்டைபோல் மாட்டும் மிதவைக் கவசம், மூச்சுக் கருவி, காலில் மாட்டும் துடுப்பு என்று எல்லாம் சொந்தமாக எடுத்துப்போனால் 10 கிலோ அதிலேயே போய்விடும். முதல் பயணத்துக்கு முகக்கண்ணாடி மட்டும் சொந்தமாக இருந்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் வாடகைக் கண்ணாடி நம் முகத்துக்கென்று செய்ததல்ல.

அந்தக் கண்ணாடிதான் பார்வையை மீட்கிறது. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் ஏன் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது தெரியுமா? ஒளியை வளைக்கும் வேலையில் பெரும்பங்கு கருவிழியின் முன்படலத்துடையது. அதற்கு வெளியே காற்று இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். கண்ணாடி செய்வதெல்லாம் கண்ணுக்கு முன்னால் ஒரு பிடி காற்றை நிறுத்துவதுதான். அப்படி நிறுத்தியதும் இன்னொரு அதிசயம்: பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், கால் பங்கு கிட்டே வந்துவிடும். ஒன்றரை மீட்டர் சுறா இரண்டு மீட்டராகத் தோன்றும்! கரைக்கு வந்து மீனின் நீளத்தைக் கையால் அளந்து காட்டுகிறவர்கள் பொய் சொல்வதில்லை, அவர்கள் கண் அப்படித்தான் பார்த்தது.

புதுக் கண்ணாடி வாங்கியதும் ஊரிலேயே பற்பசை தடவி உள்பக்கத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தொழிற்சாலையில் படிந்த மெல்லிய படலம் போகாமல் இருந்தால் அடியில் கண்ணாடி பனிமூட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். பிறகு ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உள்ளே எச்சில் துப்பித் தடவி அலசுவது உலகெங்கும் டைவர்கள் செய்வது. எச்சில் தண்ணீரைத் துளித்துளியாக நிற்க விடாமல் பரப்பிவிடும். கண்ணாடி போடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம்; உங்கள் பவருக்கே முகக்கண்ணாடியில் வில்லை பொருத்தித் தருகிறார்கள்.

கண்ணாடியே தேவைப்படாத பிள்ளைகள் இருக்கிறார்கள் தெரியுமா? அதுவும் இதே அந்தமான் கடலின் கிழக்குக் கரையில்! தாய்லாந்து, மியான்மர் தீவுகளில் வாழும் மோக்கன் மக்களின் குழந்தைகள் வெறும் கண்ணால் தண்ணீருக்குள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரண்டு மடங்கு கூர்மையாகப் பார்க்கிறார்கள். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன்னா கிஸ்லேன் 2003இல் வெளியிட்ட ஆய்வு அது. கருமணியை மிகச் சிறியதாகச் சுருக்கி, வில்லையை முழு மூச்சாகக் குவிக்க அந்தப் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். மூச்சுக்கும் அப்படி ஒரு கூட்டம் உண்டு. தென்கிழக்கு ஆசியாவின் பஜாவ் கடல் மக்களுக்கு மண்ணீரல் அக்கம்பக்கத்து நிலவாழ் மக்களைவிட 50 சதவீதம் பெரிது என்று 2018இல் கண்டார்கள். மூச்சடக்கும்போது மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்துக்குள் விடுகிறது. அவர்கள் உடம்புக்குள்ளேயே சாமான் கட்டிக்கொண்டவர்கள்!

நிறத்துக்கு வருவோம், சாயம் தெரிந்த ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். கடல்நீர் வெள்ளை வெளிச்சத்திலிருந்து முதலில் சிவப்பைத்தான் உறிஞ்சிக்கொள்கிறது. 5 மீட்டருக்குக் கீழே சிவப்பு மங்கத் தொடங்கும், அடுத்து ஆரஞ்சு, அதன் பிறகு மஞ்சள். புடவையின் அரக்கு நிறக் கரை 18 மீட்டரில் கறுப்பாகத் தெரியும். விரல் கிழிந்தால் ரத்தம் பச்சையாகக் கசியும்! இதைக் கண்ணால் பார்த்த கல்யாணக் கூட்டம் ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. 2021 பிப்ரவரி 1 அன்று சென்னை நீலாங்கரைக் கடலில் 60 அடி ஆழத்தில் ஒரு ஜோடி, மணமகள் புடவையிலும் மணமகன் வேட்டியிலுமாக, முதுகில் சிலிண்டரோடு மாலை மாற்றிக்கொண்டது. அங்கே போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரே வழி டார்ச்தான். பகலிலும் டார்ச் ஏன் என்று கேட்பவர்களுக்கு, சாம்பல் நிறத்தில் கிடக்கும் பவளத்தின் மேல் ஒளியை அடித்துக் காட்டினால் போதும். குங்குமச் சிவப்பு அந்த நொடியிலேயே திரும்பும். டார்ச்சின் லித்தியம் மாற்று பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பையில் போட விமானச் சட்டம் இடம் கொடுக்காது. வெட்டுக்கத்தி நேர்மாறு: சரக்குப் பைக்குள் மட்டும்.

சூடு. அந்தமான் கடல் 28 டிகிரி, வெதுவெதுப்பாகத்தானே இருக்கும், பனியனோடு இறங்கினால் போதாதா என்று தோன்றும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். 37 டிகிரி உடம்பு 28 டிகிரித் தண்ணீரில் முக்கால் மணி நேரம் இருந்தால் குளிரத் தொடங்கிவிடும். அதற்குத்தான் நியோப்ரீன் ரப்பர் உடை. அந்த ரப்பரை டூபாண்ட் நிறுவனத்தில் 1930இல் கண்டுபிடித்தார்கள். அதை உடையாக மாற்றலாம் என்று 1950களின் தொடக்கத்தில் யோசித்தவர் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியல் பேராசிரியர். சூட்டைக் காப்பது ரப்பருக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள். வெப்பக் கடலுக்கு 3 மில்லிமீட்டர் கனம் போதும்.

இந்த இடத்தில் துணியைப் பற்றிச் சொல்லாமல் போனால் தறிக்கு மரியாதை இல்லை. பருத்தி நூல் நனைந்தால் வலுவிழக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உண்மை நேர்மாறு: ஈரப் பருத்தி, காய்ந்த பருத்தியைவிட வலுவானது! ரேயான்தான் நனைந்தால் பாதிக்குப் பாதி பலம் இழக்கும். பாவு ஓட்டுகிறவர்கள் கையால் அறிந்த இந்த உண்மை ராமநாதபுரம் கடலில் இன்றும் உயிரோடு இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். பருத்திக்கு ஒரு குறை, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கும். தீவின் ஈரக்காற்றில் ஜீன்ஸ் பேன்ட் காயவே காயாது, எடுத்துப்போகாதீர்கள். ஈரிழைத் துண்டு இரண்டும் லுங்கி இரண்டும் வையுங்கள். மெல்லியதால் சீக்கிரம் உலரும், மடித்தால் உள்ளங்கை அளவு. ஆட்டம் போடும் படகில் எல்லார் நடுவிலும் ஈர உடையை மாற்ற லுங்கியைப்போல் கைகொடுக்கும் மறைப்பு உலகில் வேறெதுவும் இல்லை. வெயிலுக்குப் போர்வை, முகக்கண்ணாடி கீறாமல் சுற்றி வைக்க உறை, இரவில் விரிப்பு, எல்லாம் அதுவே.

கடைசியாகக் குரல். தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் பாய்கிறது, காற்றில் பாய்வதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். அந்த வேகத்தில் வலது காதுக்கும் இடது காதுக்கும் நேர வித்தியாசமே தெரியாது. மேலே படகு வருவது கேட்கும், எந்தப் பக்கம் என்று மட்டும் புரியாது! அதனால் மேலே வரும்போது ஒரு கையை உயர்த்தி, முழுச் சுற்று சுற்றிப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். பேசவும் முடியாது, கைதான் வாய். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் என்ன பொருள் தெரியுமா? ‘சூப்பர்’ இல்லை, ‘மேலே போகலாம்’! சந்தோஷத்தில் கட்டைவிரல் காட்டினால் வழிகாட்டி உங்களை மேலே அழைத்துப் போய்விடுவார். நன்றாக இருக்கிறது என்று சொல்ல கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். பையில் ஒரு பிளாஸ்டிக் விசிலும், காற்று ஊதினால் நிமிர்ந்து நிற்கும் ஆரஞ்சு நிறக் குழாய் மிதவையும் கண்டிப்பாக இருக்கட்டும். அலைக்கு நடுவே ஒரு மனிதத் தலை சில நூறு மீட்டருக்கு அப்பால் படகிலிருந்து தெரியாது. விலை குறைந்த இந்த இரண்டு பொருளும் விலை உயர்ந்த கேமராவைவிட முக்கியம் என்று அடித்துச் சொல்வேன்.

முத்துக் குளித்தவர்களுக்கு இந்த மிதவைக்குப் பதில் ஒரு கயிறு இருந்தது. என்ன எடுத்துக்கொண்டு இறங்கினார்கள் தெரியுமா? ஒரு கனத்த கல், ஒரு கயிறு, ஒரு வலைப்பை. அவ்வளவுதான்! கல்லில் காலை வைத்ததும் அது சரசரவென்று அடிக்கு இழுத்துப் போகும். அடியில் கல்லை விட்டுவிட்டு, மூச்சு தாங்கும் ஒரு நிமிடத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பையில் போட்டுவிட்டுக் கயிற்றை ஒரு சொடுக்கு. மேலே படகில் கயிறு பிடித்திருப்பவர் ஆளை இழுத்துவிடுவார். அந்தச் சொடுக்கைத் தவறவிட்டால் ஆள் இல்லை. அரபுக் குளிகாரர்கள் மூக்கில் கொம்பால் செய்த கவ்வி மாட்டிக்கொள்வார்கள். கொற்கை முத்துக்கு ரோம் வரை பேர் இருந்த காலத்தில், முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல் வழிகாட்டி ஒன்று அங்கே முத்தெடுத்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்று எழுதிவைத்திருக்கிறது. அரசர்களின் கழுத்தில் மின்னிய முத்துக்குள் கைதியின் மூச்சு இருந்தது!

பயத்தைப் போக்கவும் ஒரு சாமான் வேண்டுமே. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக் குளிப்பின்போது மந்திரம் சொல்லிப் பெரிய மீன்களின் வாயைக் கட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்கிறார். அவர்களுக்குக் கூலி என்ன தெரியுமா? எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு! ராஜாவுக்கே பத்தில் ஒரு பங்குதான். ஆறு நூற்றாண்டு கழித்து ஆங்கிலேயர் காலத்துச் சலாபத்திலும் (முத்துக் குளிப்பு) அவர்கள் இருந்தார்கள்; கடல்கட்டி என்று அழைத்தார்கள். கடல்கட்டி கரையில் நில்லாவிட்டால் குளிகாரர்கள் இறங்க மறுத்தார்கள் என்பதால் அரசே அவர்களை வைத்துக்கொண்டது. இன்று நம்மோடு இறங்கும் வழிகாட்டியும் பக்கத்துத் துணை டைவரும் தரும் தைரியத்தை அன்று அந்த மந்திரக்காரர் தந்தார். தூத்துக்குடிப் பக்கம் கடைசிச் சலாபங்கள் 1955 முதல் 1961 வரை நடந்தன. அதன் பிறகு சிப்பிப் படுகை தேறவில்லை.

சங்கு? மலைக்கோயில்களில் சங்காபிஷேகத்துக்கு வரிசையாக அடுக்கும் சங்குகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சங்கினம் இந்தியா, இலங்கையை ஒட்டிய கடல்களின் மணற்படுகையில் வாழ்கிறது. தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் மூச்சைப் பிடித்து இறங்கி மணலில் துழாவி அதை எடுத்தவர்கள் சங்கு குளிகாரர்கள்.

இப்போது அந்த ராமநாதபுரம் கதை. பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பல தலைமுறையாகப் பெண்கள் கடலுக்கு அடியில் இறங்குகிறார்கள் தெரியுமா? சிலிண்டர் இல்லை, ரப்பர் உடை இல்லை. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, விரல்களில் இறுக்கிச் சுற்றிய துணிக் கிழிசல். பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுக்கும்போது விரலைக் காப்பது அந்தத் துணிதான். நனைய நனைய வலுக்கூடும் பருத்தி! மூச்சைப் பிடித்து இறங்குவது, பிய்ப்பது, மேலே வந்து மூச்சு வாங்குவது, மறுபடி இறங்குவது என்று மணிக்கணக்கில் நடக்கும் வேலை. அந்தப் பாசியிலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள். ஆய்வகத் தட்டிலும் இனிப்பிலும் உறையும் அந்தக் கூழின் தொடக்கம் இவர்கள் கைவிரல்.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் இந்தப் பெண்களின் வழித்தடமே கேள்விக்குறியானது. அவர்கள் என்ன செய்தார்கள்? கடலைக் காக்கத் தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள்: மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது, இரும்புச் சுரண்டி கூடாது, கையால் மட்டும். அந்தப் பெண்களை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டுத் தீவுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஆயிரக்கணக்கில் செலவழித்து ஐரோப்பியச் சாமான் வாங்கும் முன் தமிழ்நாட்டில் பை கட்டும் ஒவ்வொருவரும் இவர்களைப் பற்றி ஒரு முறையாவது படித்துவிட வேண்டும் என்பது என் ஆசை. பள்ளிப் பாடத்தில் வரவேண்டிய பெயர்கள் இவை.

இன்னொரு முனைக்கும் ஒரு பார்வை. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்ப மத்ஸ்யா 6000 என்ற கலத்தைச் செய்துவருகிறது. அதற்கு என்ன கட்டுகிறார்கள் தெரியுமா? வழக்கமான பயணம் 12 மணி நேரம்தான். ஆனால் சிக்கிக்கொண்டால் 96 மணி நேரம் உயிர் வாழத் தேவையான ஏற்பாட்டோடு இறங்குகிறது. இருக்கப்போகும் நேரத்தைப்போல் எட்டு மடங்குக்கு மூச்சு!

மருந்துப் பைக்கு வருவோம். கப்பலில் தலைசுற்றும் என்றால் மாத்திரையை ஏறும் முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு பயனில்லை. தூக்கம் வரவழைக்கும் மாத்திரையோடு டைவ் செய்வது ஆபத்து. டாக்டரிடம் கேட்டு எடுங்கள். இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் கூடவே இருக்கட்டும். கல்மீனோ சிங்கமீனோ குத்தினால் முதல் மருந்து என்ன தெரியுமா? வெந்நீர்! தாங்கும் சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாமல், குத்திய இடத்தை முக்கி வைத்தால் வலி அடங்கும். அந்த நஞ்சு புரதம் என்பதால் சூட்டில் சிதைந்துவிடுகிறது. பிறகு மருத்துவமனை. ஆகவே படகுக்குப் போகும்போது பிளாஸ்கில் வெந்நீர் வைத்திருப்பது டீக்கு மட்டும் அல்ல. சளி பிடித்திருந்தால் மட்டும் இரக்கமே காட்டாமல் டைவைத் தள்ளிப்போடுங்கள். இரண்டு மீட்டரிலேயே செவிப்பறையை நீர் அழுத்தத் தொடங்கிவிடும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி அழுத்தத்தைச் சமன் செய்ய அடைபட்ட குழாய் விடாது. ஆஸ்துமா, இதயநோய், காதுத் தொல்லை உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவச் சான்று வாங்கிப் பையில் வையுங்கள். தீவில் போய்த் தேடாதீர்கள். ஏடிஎம்மை நம்பாமல் கொஞ்சம் ரொக்கமும், ஆதார் அட்டையும். லட்சத்தீவுக்குப் போகிறவர்கள் என்றால் இந்தியராக இருந்தாலும் அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தமானின் ஸ்வராஜ் தீவுக்கு நமக்கு அது தேவையில்லை.

வெயிலுக்குக் களிம்பா? சில களிம்புகளில் இருக்கும் ஆக்சிபென்சோன் பவளக் குஞ்சுகளைக் கெடுக்கிறது என்று பலாவ் நாடு 2020இலும், ஹவாய் 2021இலும் அதற்குத் தடை போட்டன. முழுக்கைச் சட்டை போட்டால் களிம்பே தேவைப்படாத இடங்கள் அதிகம். துணி ஊர்க்காரர்களுக்கு இதில் யோசனை எதற்கு?

திரும்பும் பையில் சேரவே கூடாதது ஒன்று உண்டு. கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டுதானே, பூஜை அறையில் வைக்கலாம் என்று எடுத்தால் குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பாறைப் பவளங்களும் கடல் வெள்ளரிகளும் கடற்குதிரைகளும் 2001இலேயே சேர்ந்துவிட்டன. உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் சட்டம் ஒன்றே. விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம். பவளம் செடியல்ல, கல்லுமல்ல. கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் கட்டிய வீடு. 1998, 2010, 2016, 2024 என்று கடல் சூடேறிய ஆண்டுகளில் லட்சத்தீவில் அது வெளுத்தது. மிச்சம் இருப்பதைக் கையால்கூடத் தொட வேண்டாம்.

பையில் போட முடியாத சாமான் ஒன்று மீதி இருக்கிறது, அது நேரம். கடைசி டைவுக்கும் திரும்பும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் வேண்டும் என்பது தெரியுமா? ஆழத்தில் அழுத்தத்தோடு இழுத்த காற்றிலிருந்து நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து நிற்கும். மெல்ல மெல்ல மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறும். அவசரப்பட்டால் கோலி சோடாவைத் திறந்ததுபோல உடம்புக்குள்ளேயே குமிழி கிளம்பும். மூட்டு வலியில் தொடங்கி முடக்கம் வரை போகலாம். எவ்வளவு மெல்ல வரவேண்டும் என்ற கணக்கை ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து 1908இல் அட்டவணையாகத் தந்தவர் ஜான் ஹால்டேன். இன்று கையில் கட்டும் டைவ் கணினிக்குள் ஓடும் கணக்கு அங்கிருந்து வளர்ந்தது. விமான அறைக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 2,000 மீட்டர் மலை உச்சியில் இருப்பதைப் போன்றது. அதனால்தான் காத்திருப்பு. அந்த ஒரு நாளை ஸ்ரீ விஜயபுரத்தில் இருக்கும் செல்லுலார் சிறைக்குக் கொடுங்கள். 1906இல் கட்டி முடித்த அதன் தனி அறைகளைப் பார்க்க அரை நாள் வேண்டும்.

விமானம் ஏறாதவர்களுக்கும் இந்த விதி உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாது! 600 மீட்டருக்கு மேல் மலை ஏறுவதும் விமானம் ஏறுவதுபோலத்தான். காலையில் நீலாங்கரையிலோ புதுச்சேரியிலோ டைவ் செய்துவிட்டு, ஊருக்கு வரும் வழியில் அப்படியே திருப்பதி போய் இரவே திருமலை ஏறிவிடலாம் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குத் தோன்றுவது இயல்பு. திருமலை 800 மீட்டருக்கு மேல். நைட்ரஜன் இன்னும் உடம்பில் இருக்கும்போது அந்த ஏற்றம் வேண்டவே வேண்டாம். திருத்தணி மலை அவ்வளவு உயரமில்லை, ஆனால் டைவ் செய்த அன்றே 365 படியை மூச்சிரைக்க ஏறுவதும் நல்லதல்ல. கடும் உழைப்பும் குமிழியைக் கிளப்பும் என்கிறார்கள் டைவிங் மருத்துவர்கள். டைவுக்கு ஒரு தேதி, தரிசனத்துக்கு வேறொரு தேதி, நடுவில் ஒரு முழு நாள் என்று காலண்டரில் இப்போதே குறித்துவிட்டுப் பையின் ஜிப்பை இழுங்கள்.